லுத்தரின் ஊரில் இருக்கும் மகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அம்மா சால்வையை எடுத்துக்கொண்டாள். நான் மேலட்டையில் நீ எழுதியிருந்த 'லுத்தர்ஷ்டாட் விட்டன்பெர்க்' என்ற முகவரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியிலிருந்து ஒரு பிள்ளை ஜெர்மனியில், திருச்சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தரின் ஊருக்கே போயிருக்கிறான் என்று கோயிலில் எல்லோரிடமும் அதைக் காட்டினேன்.

கோட்டைக் கோயிலின் கதவைப் பார்த்தாயா? லுத்தர் 1517இல் 95 கருத்துரைகளை அறைந்ததாகச் சொல்லப்படும் மரக்கதவு 1760இல் போரில் எரிந்துபோனது. இப்போதுள்ள வெண்கலக் கதவு 1858இல் வைத்தது. கதவைப் பார்க்கப் போகிறவன் உள்ளேயும் போகலாம். பிரசங்க பீடத்தின் அடியில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

அங்கே குடியிருப்பைப் பதியும்போது மதத்தைக் கேட்பார்கள் என்றும், சபையின் பெயரைச் சொன்னால் வருமான வரியின்மேல் 9 விழுக்காடு திருச்சபை வரி பிடிப்பார்கள் என்றும், அதற்காகவே சிலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள் என்றும் உன் சித்தப்பா மகன் சொன்னான். நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. பணம்தான் காரணமென்றால் வீட்டுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்.

விட்டன்பெர்க் என்றால் வெள்ளைக் குன்று என்று பொருள். அதன் முன்னால் 'லுத்தர்ஷ்டாட்', அதாவது 'லுத்தர் நகரம்' என்பது 1938இல்தான், ஹிட்லரின் ஆட்சியில், அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது என்பதை உன் முகவரியைப் பார்த்த பிறகே தேடிப் படித்தேன். அதே ஆண்டு நவம்பரில்தான் ஜெர்மனியெங்கும் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தினார்கள். நாற்பது ஆண்டுகள் ஞானோபதேச வகுப்பில் அந்தப் பெயரை வாய் நிறையச் சொன்ன நான், அதை வைத்தது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீ கேட்டாய். சபையில் உன் திடப்படுத்தல் ஆராதனைக்கு முந்தின வாரம், லுத்தர் யூதர்களுக்கு எதிராக 1543இல் எழுதிய புத்தகம் உண்மையா என்று நீ கேட்டபோது, சோற்றுத் தட்டின் முன்னால் வைத்தே உன்னை அறைந்து, அது பொய் என்றேன். அவர்களுடைய ஜெப ஆலயங்களை எரிக்க வேண்டும் என்று அவர் எழுதிய பகுதியை நான் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே படித்திருந்தேன். மறுநாள் பொய்ச்சாட்சியைப் பற்றிய எட்டாம் கற்பனைக்கு 'இதற்கு அர்த்தமென்ன?' என்று உன்னிடம் பாடமும் கேட்டேன். நீ ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாய்.

லுத்தர் பிரசங்கித்த ஊர்க்கோயிலின் வெளிச்சுவரில் யூதர்களை இழிவுபடுத்தும் பன்றிச் சிற்பம் இன்னும் இருக்கிறதாம். அதன் அடியில் 1988இல் ஒரு நினைவுச்சின்னம் பதித்திருக்கிறார்கள். சிற்பத்தை அகற்றத் தேவையில்லை என்று 2022இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீ அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பியிருந்தால், அதை எனக்கு எழுது. பொய் என்று சொல்ல மாட்டேன்.

படிவத்தில் என்ன எழுதினாய் என்பதையும் எழுதலாம். எழுதாவிட்டாலும் தலையை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா