சுட்டது யார் என்று எங்களுக்கும் தெரிய வேண்டும்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் பார்வையற்ற சினிமா ரசிகன். ஒலி விவரிப்பு, அதாவது ஆடியோ டிஸ்கிரிப்ஷன், என்றால் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தமிழ்ப் படங்களில் சேருங்கள் என்று கேட்பதும் புதிதல்ல. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் தங்கையோடு ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ பார்த்தேன். 2013இல் மிஷ்கின் இயக்கிய படம். தவறுதலாக ஓர் உயிரைப் பறித்துவிட்ட கூலிக் கொலைகாரன், அந்தப் பாவத்தைக் கழுவ, இறந்தவனின் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடுகிறான். அந்தக் குடும்பம் பார்வையற்ற குடும்பம். எங்களைப் போன்றவர்களைப் பற்றிய படம் எங்களுக்கே பாதிதான் புரிகிறது.

பாட்டு கிடையாது, வசனமும் குறைவு. இளையராஜாவின் பின்னணி இசை ஏதோ பெரிதாக நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. துப்பாக்கி வெடிக்கிறது. சுட்டது யார்? விழுந்தது யார்? பக்கத்தில் இருக்கும் தங்கையைக் கேட்டால், “அண்ணா, கொஞ்சம் பொறு, எனக்கே புரியல” என்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் படம் இரண்டு காட்சி தாண்டிவிடுகிறது. பரபரப்பு கூடக் கூட அவள் பேச்சு நின்றுவிடும். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளும் படம் பார்க்கத்தானே உட்கார்ந்தாள். இது வீட்டில். தியேட்டரில் அவள் என் காதில் கிசுகிசுத்தால் பின்வரிசையில் இருந்து அதட்டல் வரும்.

கல்லறைத் தோட்டத்தில், தான் செய்த கொலையை அந்த மனிதன் ஒரு கதையாகச் சொல்லும் இடம் மட்டும் எனக்கு முழுதாகக் கிடைத்தது. அது பேச்சு. அங்கே யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. மற்ற இடங்களில் அவன் மனம் மாறியதை முகத்திலும் கையிலும்தான் காட்டியிருப்பார்கள். குற்றவாளி திருந்தும் கதைகளில் முக்கியமான இடங்களே இப்படி மௌனமானவைதான். அதையெல்லாம் நான் இழந்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன்: இனி வரும் ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒலி விவரிப்பு வையுங்கள். வசனங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், “துப்பாக்கியைக் கீழே வைக்கிறான்” என்று ஒரு குரல் சொன்னால் போதும். கைபேசிச் செயலி வழியாக அது என் காதில் மட்டும் ஒலிக்கும். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவு இல்லை.

இது கருணை கேட்கும் மனு அல்ல. மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2023 ஜனவரியில், ‘பதான்’ படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரிப்பு தயாரிக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். 2024 மார்ச்சில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இத்தகைய வசதியைச் சேர்க்க, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு 6 மாதம், மற்றவற்றுக்கு 2 ஆண்டு அவகாசம் தந்தது. விதி வந்த பிறகும் நாங்கள் தங்கையையும் நண்பனையும் நம்பித்தான் படம் பார்க்க வேண்டுமா?

ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ராஜபார்வை’, ‘காசி’, ‘சைக்கோ’ என்று பார்வையற்ற நாயகர்கள் தமிழ்ப் படங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் கைத்தடியும் கறுப்புக் கண்ணாடியும் உங்கள் கதைக்கு வேண்டும். நாங்கள் அழுதால் அரங்கம் அழும் என்றும் உங்களுக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே வரும் எங்களை ரசிகராக நினைத்துப் பார்ப்பதில்லை. இது மனதை வருத்துகிறது.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். டப்பிங் நடக்கும்போதே விவரிப்பை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். தியேட்டருக்கும் ஓடிடிக்கும் படத்தோடு சேர்த்தே அதையும் கொடுங்கள். எழுதியதைச் சரிபார்க்கப் பார்வையற்றவர்களை அழையுங்கள், ஊதியம் கொடுத்து அழையுங்கள். பழைய படங்களில் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்திலிருந்து தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு ரசிகன்