வாசிக்க ஆள் வேண்டுமே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மறுபடியும் வயலினைத் தூசி தட்டி எடுத்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். என் தோள்பட்டை வலி இப்போது பரவாயில்லை. ஆனாலும் வாசிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

பாக், பீத்தோவன் எல்லாம் இருக்கும்போது, உயிரோடு இருக்கிறவர்கள் எழுதுவதை வாசித்தே ஒருவர் ஆயுளைக் கழிப்பானேன் என்று கேட்டிருந்தாய். வயலின் கலைஞர் இர்வின் ஆர்டிட்டியைப் பார். 1974இல், லண்டன் ராயல் இசை அகாடமியில் மாணவராக இருக்கும்போதே தன் பெயரில் குவார்ட்டெட், அதாவது நால்வர் தந்தி வாத்தியக் குழு, தொடங்கியவர். அப்புறம் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்து 25 வயதிலேயே முன்வரிசைப் பதவிக்கு வந்துவிட்டார். குவார்ட்டெட்டுக்கு நேரம் வேண்டும் என்று 1980இல் அந்த நல்ல வேலையை உதறிவிட்டார்.

1995இல் ஆம்ஸ்டர்டாமில் நால்வரும் ஆளுக்கொரு ஹெலிகாப்டரில் ஏறி, ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் எழுதியதை வாசித்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். வேடிக்கைதான், போகட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் விஷயம்.

நட்சத்திர வரைபடங்களை வைத்துச் சுரங்களைப் பொறுக்கி 'ஃப்ரீமன் எட்யூட்ஸ்' என்று தனி வயலினுக்கு 32 எட்யூட், அதாவது பயிற்சி உருப்படிகள், எழுதிக்கொண்டிருந்தார் கேஜ். வில்லை எப்படி இழுப்பது, விரலால் மீட்டுவதா, எவ்வளவு சத்தம் என்று ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குறிப்பு. பால் ஜுகோஃப்ஸ்கி என்ற வயலின் கலைஞருக்காகத் தொடங்கியது அது. அவரே வாசிக்க முடியாது என்றதும், 1980இல் பதினேழை முடித்துப் பதினெட்டாவதில் நிறுத்திவிட்டார் கேஜ். சில வருடம் கழித்து, முதல் பதினாறையும் எடுத்து விளாசித் தள்ளினார் ஆர்டிட்டி. ஏன் இவ்வளவு வேகம் என்று கேஜ் கேட்டதற்கு, முடிந்த வேகத்தில் வாசிக்கச் சொல்லி நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றாராம்! அதன் பிறகுதான் கேஜ் திரும்ப உட்கார்ந்து 1990இல் 32ஐயும் முடித்தார். நெரிசலான பதினெட்டாவதுக்கு மட்டும், முடிந்த அளவு சுரங்களை வாசித்தால் போதும் என்று ஏற்பாடு. 1991இல் ஜூரிக்கில் ஆர்டிட்டி முழுவதையும் வாசித்தார். அடுத்த வருடம் கேஜ் இறந்துபோனார்.

பீத்தோவனை நீயும் நானும் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அவர் இனி ஒரு சுரம்கூட எழுதப்போவதில்லை. கேஜுக்கு ஆர்டிட்டி கிடைத்திருக்காவிட்டால் பாதி எட்யூட் எழுதப்பட்டே இருக்காது. நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்.

கேட்க அழகாக இருக்குமா என்றால், பல இடங்களில் இல்லை. ஒரே மூச்சில் என்னாலேயே கேட்க முடிவதில்லை. நீ முதல் மூன்றை மட்டும் கேள், பிடிக்காவிட்டால் தாராளமாகத் திட்டி எழுது. அப்படியே, உன் இடது கைச் சுண்டுவிரல் பழையபடி வளைகிறதா என்றும் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி