நெருப்பு மாமாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டன்பார் மைதானத்தில் நம் பிள்ளைகள் கால்பந்து விளையாடினார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. டித்வா புயலுக்குப் பிறகு இவர்களை மறுபடி ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்கப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவேயில்லை. மனசு இன்னும் அடங்கவில்லை, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பறிகொடுத்தவர்களும் இதை வாசிப்பீர்கள்.

கிரவுண்டில் சரிந்து கிடந்த மண்ணை அள்ளிக் கொட்டிய இளைஞர்களுக்கு முதல் நன்றி. மலையில் வேலை முடித்து வந்த களைப்போடு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பக்கம் தண்ணீர் வடியக் கான் வெட்டிய பெரியவர்களுக்கும் நன்றி. தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. சரிவுக்குக் குறுக்கே கானை இழுத்து, மண் தேங்க இடையிடையே குழியும் வைத்தார்கள். அதற்குப் பிறகு பெய்த மழையில் ஒரு கூடை மண்கூட உள்ளே வரவில்லை.

கொழும்பில் என்னோடு ஆடிய நண்பர்கள் நாலாம் நம்பர் பந்தாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் காலுக்கு அதுதான் அளவு. பந்தாடியவர்களுக்குத்தான் அந்த யோசனை வரும். கோல் வலையைச் சுருட்டி ரயிலில் கொண்டுவந்து சேர்த்த சிங்கள நண்பனுக்கும், லொறி கொடுத்த முதலாளிக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் கமிட்டிக்கும், வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும், ரொட்டியும் பிளேன்டீயும் சுமந்து வந்த அம்மாமாருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும்.

ஸ்டோரில், நம் தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை செய்யும் மாமாவை உங்களுக்குத் தெரியும். தேயிலை காய வைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிறவர். பிள்ளைகளுக்கு அவர் நெருப்பு மாமா. பயிற்சியை மறுபடி தொடங்கியபோது மழை விட்டபாடில்லை. ஒவ்வொருவருக்கும் இருந்தது ஒரே ஒரு சோடி பூட்ஸ். லயத்து வீட்டில் இருந்தபோது அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். மண்டபத்தில் தங்கியிருக்கிற பிள்ளை எங்கே காய வைப்பது? ஈரத்தோடு போட்டுப் போட்டுக் கால் வெந்து, இருமல் வந்து, ஒவ்வொருவராக வராமல் நிற்கத் தொடங்கினார்கள். பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றுகூட யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை பார்த்தால் எல்லார் பூட்ஸும் காய்ந்து கிடந்தது. கேட்டதற்கு, "நெருப்பு மாமா கோச்" என்று சிரித்தார்கள். அன்றிரவே ஸ்டோருக்குப் போனேன்.

விறகு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. அதில் சோடி சோடியாகப் பூட்ஸ், சாக்கு நூலால் கட்டித் தொங்குகின்றன. உள்ளே பழைய பேப்பர் கசக்கித் திணித்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய துண்டு. நெருப்புக்கு ரொம்பக் கிட்டே வைத்தால் பசை விட்டுப்போகும் என்று தள்ளித்தான் கட்டியிருந்தார். விறகு போட எழும்பும்போதெல்லாம் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு வருகிறார். ஒரு சின்னவனின் பூட்ஸில் அடிப்பக்கம் பிரிந்திருந்ததை அவரே கோணி ஊசியால் தைத்தும் வைத்திருந்தார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. "ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"இதுல சொல்ல என்ன இருக்கு தம்பி? ராவெல்லாம் நெருப்புகிட்டதானே நிக்கிறேன். புள்ளைங்க ஈரச் சப்பாத்து போட்டா சளி புடிக்கும்ல" என்றார்.

அவருடைய லயத்துக் காம்பராவும் மண்சரிவில் போய்விட்டது. அவரும் அதே மண்டபத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறார். யாரும் அவரிடம் கேட்கவில்லை, யாருக்கும் அவர் சொல்லவும் இல்லை. மாமா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். நன்றி மாமா.

ஊருக்குத் திரும்பி வந்து செய்கிறேன் என்று என்னைப் பலர் பாராட்டுகிறீர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பு புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போனவன் நான். கடை பூட்டியபின் ஆடப்போன இடத்தில் ஒரு கழகம் சேர்த்துக்கொண்டது. கால் தளர்ந்தபின் பயிற்றுனர் ஆனேன். 2023 ஜனவரியில் உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசிவரை சர்வதேச ஆட்டமும் இல்லை, பீபாவின் பயிற்சிநெறிகளும் இல்லை. அடுத்த சான்றிதழுக்குக் காத்திருந்த எங்களுக்கு அது கசப்பான காலம். அப்போதுதான் சனி ஞாயிறுகளில் இங்கே வந்து பிள்ளைகளோடு ஓடத் தொடங்கினேன். தேறுதல் தேடி வந்த எனக்கு நீங்கள் பிள்ளைகளை நம்பிக் கொடுத்தீர்கள். யார் யாருக்குச் செய்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி ஒன்று உறுதி. இந்தக் கிரவுண்டில் எந்தப் பிள்ளையிடமும் ஒரு சதம் வாங்க மாட்டேன். பெரிய பிள்ளைகளில் இரண்டு பெண்பிள்ளைகளைப் பயிற்றுனர் பாடநெறிக்கு அனுப்புவேன், செலவு என்னுடையது. நான் வர முடியாத வாரத்திலும் விசில் ஊத இங்கேயே ஆள் இருக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பயிற்சி. பூட்ஸ் இல்லாத பிள்ளைகளையும் அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கோச்