எங்கள் தமிழாசிரியர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நூலக மாடியில் கூடுவதென்று போன ஆண்டு பேசி வைத்தோம். மழையிலும் அரையாண்டுத் தேர்விலும் இரண்டு மாதம் தவறிப்போனது, மற்றபடி கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஜூனிலும் ஜூலையிலும் நாம் செய்ததெல்லாம் இணைப்புகளை அள்ளிப் பகிர்ந்ததுதான். வாட்ஸ்அப் குழுவில் தமிழ் இணையக் கல்விக்கழகம், திக்‌ஷா, நூலகம் என்ற ஈழத்து மின்னூல் தளம் என்று வரிசையாக வந்து விழுந்தன. ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு டீச்சர் எழுந்து, "இதில் ஒன்றையாவது யாராவது வகுப்பில் செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே முடிவெடுத்தோம்: மாதத்துக்கு ஒரே ஒரு தளம், அதை வகுப்பில் செய்து பார்த்தவர்தான் அதைப்பற்றிப் பேச வேண்டும். இந்த ஆண்டு உருப்படியாக நடந்தவை எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான்.

செப்டம்பரில் அகராதியை எடுத்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் அதில் தேடலாம். ஏழாம் வகுப்பு எடுக்கும் நம் டீச்சர் ஒருவர், பாட்டி தாத்தா வீட்டில் பேசுகிற, பாடப்புத்தகத்தில் இல்லாத ஐந்து சொற்களை எழுதிவரச் சொன்னார். ஒரு பிள்ளை 'வெஞ்சனம்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தொட்டுக்கொள்வது' என்று எழுதியிருந்தாள். ஏன் அடித்தாய் என்றதற்கு, "அது பட்டிக்காட்டுப் பேச்சு டீச்சர்" என்றாளாம். டீச்சர் தன் செல்போனில் பேரகராதியைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடி அவள் கையிலேயே கொடுத்தார். இருந்தது, வடமொழியின் வியஞ்சனத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு. அவள் மறுபடி 'வெஞ்சனம்' என்று பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாள். அந்த நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள், பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் அகராதியில் கிடைக்காத சொற்களைத் தனியாக ஒரு பட்டியல் போட்டு, அவற்றை யார், எப்போது சொல்வார்கள் என்று பிள்ளைகளே விளக்கம் எழுதினார்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் பெரிய சொத்தாகப் படுகிறது. விக்சனரி என்ற இணைய அகராதியில் யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம் என்பதால், சரிபார்த்து அங்கே ஏற்றும் வேலையை இந்தக் கோடை விடுமுறையில் முடிக்க வேண்டும்.

நவம்பரில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம், தமிழில் ஏராளமான படக்கதைகள், நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கி அச்செடுக்கத் தடையில்லை, புரொஜெக்டர் இல்லாத பள்ளிக்கு இது பெரிய விஷயம். நம் உறுப்பினர் ஒருவர் கதையை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் குழுவுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தார். வரிசையைப் பிள்ளைகளே முடிவு செய்து, பேச்சுவழக்கில் கதை சொல்லி, பிறகு அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றினார்கள். 'வந்துச்சு' ஏன் 'வந்தது' ஆகிறது என்பதை அவர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எழுத்துருத் தொல்லை இன்னும் தீர்ந்தபாடில்லை. எந்தக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியவைக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் நமக்குள் சுற்றும் வினாத்தாள்களில் பாதி பழைய எழுத்துருவில் இருக்கின்றன, வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. இனி குழுவில் பகிர்வது யூனிகோடில் மட்டுமே இருக்கட்டும். மாற்றித் தர வேண்டியவை இருந்தால் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பயிற்சித்தாள் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்குள் வந்திருக்கிறது. தப்பில்லை, நேரம் மிச்சம். ஆனால் ஜனவரியில் ஒரு செயலி சங்கப்பாடல் ஒன்றை வேறொரு புலவர் தலையில் கட்டியிருந்தது, அது அப்படியே ஒரு வகுப்புத் தேர்வு வரைக்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளிடம் மறுநாள் போய்த் திருத்த வேண்டியதாயிற்று. ஆகவே செய்யுள் என்றால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் மூலத்தைப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், நமக்குப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

வரும் ஆண்டுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொருவரும் ஒரு பாடம் செய்து பார்த்து, எது நடந்தது, எது சொதப்பியது என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். சொதப்பியதை மறைக்காமல் எழுதுங்கள், அடுத்தவருக்கு அதுதான் தேவைப்படும். ஜூன் கூட்டத்தில் முதல் பக்கம் என்னுடையது.

செயலாளர்