அம்மப்பாவைப் பற்றி உன் பிள்ளைகளுக்குச் சொல்ல

அன்பு மகள்,

அம்மப்பா என்ன வேலை செய்தவர் என்று பெரியவன் கேட்டதாகவும், விவசாயம் என்று ஒரு சொல்லில் பதில் சொன்னதாகவும், அதற்கு மேல் சொல்ல உனக்கே தெரியவில்லை என்றும் போனில் சொன்னாய். எழுதி அனுப்பச் சொன்னாய், எழுதுகிறேன். அவருடைய 31ஆம் நாள் நினைவு மலரில் அன்புக் கணவர், பாசமிகு தந்தை, அருமை அம்மப்பா என்று போட்டோம். எல்லாம் உண்மைதான், ஆனால் அதை வாசித்து ஒரு பிள்ளை அந்த மனிசனை அறிய முடியாது.

முதலில் அவர்களுக்கு நம்ம ஊர் வழக்கத்தைச் சொல்லு. இங்கே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உன் அப்பா 1977 ஆவணியில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஆரையம்பதிக்கு, என் அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். வட்டை, அதாவது வயல், எல்லாம் மேற்கே படுவான்கரையில், பெண்சாதி கிழக்கே எழுவான்கரையில், நடுவில் மட்டக்களப்பு வாவி. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது, அதுவரைக்கும் துறையில் சைக்கிளோடு பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போய், பொழுதுபட்டு வருவார். வேளாண்மைக் காலத்தில் வயல் வாடியில் (குடிசையில்) தங்குவார், மற்ற நாளெல்லாம் எவ்வளவு பிந்தினாலும் வீட்டுக்கு வந்துதான் சோறு. வந்த வீடு என்று ஒரு நாளும் ஒதுங்கி இருக்கவில்லை. அம்மம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது "மாமி, ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கஞ்சி பருக்கினது அவர்தான். நான் கொடுத்தால் அம்மம்மா வாயை மூடிக்கொள்வா, அவர் கொடுத்தால் குடிப்பா.

1978 கார்த்திகை 23, சூறாவளி. நீ என் வயிற்றில் ஏழு மாதம். இரவு காற்று கூரையைக் கிளப்பினதும் என்னையும் அம்மம்மாவையும் பெரிய கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கட்டில் புரளாமல் அதன் காலைப் பிடித்தபடி விடியும்வரை நனைந்துகொண்டு இருந்தார். விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் தென்னை. பாதை ஓடவில்லை, அக்கரையில் அப்பம்மா உயிரோடு இருக்கிறாவா என்றும் தெரியாது. இருந்தும் எங்களுக்கு மேலே நாலு தகரத்தைப் போட்டு, குடிக்கத் தண்ணீர் தேடி வைத்துவிட்டுத்தான் ஒரு மீன்பிடித் தோணியைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். அப்பம்மா பத்திரம் என்று அடுத்த நாள் வந்து சொல்லிவிட்டுத்தான் திண்ணையில் விழுந்து தூங்கினார். அதற்கு முன் அவர் கண் மூடி நான் காணவில்லை.

அவருடைய கூத்தை நீ சின்னதில் கொஞ்சம் பார்த்திருக்கிறாய், பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் சொல்லு, ஏனென்றால் அவர் வேளாண்மைக்காரர் மட்டும் இல்லை. வடமோடிக் கூத்தில் வீமன் வேஷம் என்றால் அவருடைய ஊரில் அவர்தான். மாதக்கணக்காக அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகி, கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு களரியில் இறங்கினால் விடியும்வரை கால் ஓயாது. அந்த உடுப்பின் பாரம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வட்டையில் யானைக் காவலுக்குப் பரணில் இருக்கும் இரவுகளிலும் கூத்துப் பாட்டுத்தானாம், தூக்கம் வராமல் இருக்க ஒரு வாடிக்காரர் தொடங்க அடுத்த வாடிக்காரர் எடுக்க, மத்தளம் இல்லாமலே வாயால் தாளம் போட்டுப் பாடுவார்களாம். பிறகு சண்டைக் காலம் வந்து இரவில் களரி போட முடியாமல் போனது. ஊர் கொஞ்சம் ஓய்ந்ததும் பொடியன்களைச் சேர்த்துப் பழக்கினார். சதங்கை அணியும் நாளில் அந்தப் பொடியன்கள் காலில் விழ, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

சண்டைக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. துறையில் இறங்கிச் சோதனை, ஏறிச் சோதனை, உர மூட்டை கொண்டுபோக விடாத காலமும் இருந்தது. 1991 ஆனியில் அக்கரையில் மகிழடித்தீவில் சனத்தைக் கொன்ற பிறகு, அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று நான் அழுது தடுத்தேன். ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் விடியப்புறம் போய் அப்பம்மாவைச் சைக்கிளில் இருத்தி, உருட்டிக்கொண்டே வந்து சேர்த்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு கிழவிகளும் ஒரே பாயில் இருந்து வெற்றிலை இடித்தார்கள்.

உன் வீட்டைக் கட்டினதும் அந்தக் கஷ்டத்துக்குள்ளேதான். பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் தகப்பன் கண் மூடக்கூடாது என்பார். ஒரு போகம் விளைந்தால் அத்திவாரம், அடுத்த போகம் வெள்ளத்தில் போனால் வேலை நிற்கும், விளைந்தால் சுவர். இப்படியே வருஷக்கணக்காக எழும்பின வீடு அது. நீ கனடா போன பிறகு சனம் "வீடு சும்மாதானே கிடக்கு" என்று கேட்டால் "மகள் வந்தால் எங்கே நிற்பாள்?" என்று ஒரே பதில். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வெள்ளையடித்துவிடுவார். 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கத்துச் சனம் உடுத்த துணியோடு ஓடிவந்தபோது முதலில் திறந்துவிட்டது உன் வீட்டைத்தான். களஞ்சியத்தில் இருந்த நெல்லையும் அவித்துக் குற்றி அவர்களுக்கே கொடுத்தார். அந்த வருஷ விதைநெல்லைக் கடனுக்குத்தான் வாங்கினோம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அம்மப்பாவாக. நீங்கள் வந்து நின்ற அந்த விடுமுறையில் பெரியவனைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனாரே, அங்கே பறங்கியர் கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழும்பிப் புல்லைத் தின்ற கதையைச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் விடிய, நந்திக்குப் புல் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை நிற்கிறான். "சரி ராசா" என்று தாக்கத்தியை எடுத்துக்கொண்டு இவரும் வரம்புக்குப் போய் ஒரு கட்டுப் புல் அறுத்து, அதைக் கட்டிக்கொண்டு திரும்பவும் கோயிலுக்குப் போனார்கள். விடுமுறை முடியும்வரை அது நடந்தது, மழை பெய்த நாளிலும். பெரியவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்புக்கு அவர் குளித்து, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு இருப்பது உனக்குத் தெரியாது. படத்தில் தெரிவது கழுத்துவரைக்கும்தான் என்று தம்பி சொல்லுவான். "பேரப்பிள்ளைகள் பார்க்கிற முகம்" என்பார். நீங்கள் பிந்தினாலும் எழும்பமாட்டார், சாப்பிடவும் வரமாட்டார். சின்னவள் தமிழில் ஒரு வசனம் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிவார்.

கடைசியில் மூச்சு இளைப்பு, ஆஸ்பத்திரி, அதெல்லாம் உனக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது, களவெட்டியில் (நெல்லடிக்கிற களத்தில்) சூடு போட்டாச்சா, பிள்ளைகள் போன் எடுத்தார்களா, நான் சாப்பிட்டேனா, இவ்வளவுதான்.

ஆடி அமாவாசைக்குத் தம்பி மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடி அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்தான். ஆட்டத்திவசம், முதல் வருஷத் திவசம், தையில் வருகிறது. பிளேன் சீட்டு எடுத்ததும் திகதியைச் சொல்லு, ஐயருக்கு நேரத்தோடு சொல்லிவைக்க வேண்டும், உன் வீட்டையும் கழுவித் திறந்துவிட வேண்டும். இந்த முறை வெள்ளையடிக்கத் தம்பி ஆள் பிடித்திருக்கிறான். அப்பா பாடின பாட்டு கொஞ்சம் அவனுடைய போனில் இருக்கிறது, அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு. தை மாதம் மழை விட்டிருக்காது, சின்னவளுக்கு நல்ல செருப்பாகப் பார்த்துக் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா