கொலம்பஸுக்கு எதற்கு விடுமுறை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, கூட்டாட்சிச் சட்டப்படி இன்றும் ‘கொலம்பஸ் தினம்’தான். அதைப் ‘பூர்வகுடி மக்கள் தினம்’ என்று மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்கிறார்கள். எந்த வரலாறு? இன்றைய அமெரிக்காவின் பெருநிலத்தில் கொலம்பஸ் கால்கூட வைத்ததில்லை. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை 1495இல் அடிமைகளாகக் கப்பலேற்றினார். சுமார் 200 பேர் வழியிலேயே இறந்தனர். அங்கே ஸ்பெயினின் ஆளுநராக அவர் நடத்திய ஆட்சியின் கொடுமை பற்றிய புகார்கள் குவிந்து, ஸ்பெயின் அரசின் விசாரணை அதிகாரியே 1500இல் அவரை விலங்கிட்டு அனுப்பினார். இவற்றைப் பாடப்புத்தகத்தில் தாராளமாகச் சொல்லட்டும். விழா எடுக்கத்தான் வேண்டாம்.

கொலம்பஸ் இத்தாலியில் பிறந்தவர் என்பதால், இந்த மாற்றத்தால் அமெரிக்காவின் இத்தாலிய வம்சாவளியினருக்கு ஏற்படும் மனவருத்தத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 1891இல் நியூ ஆர்லியன்ஸில் 11 இத்தாலியர்களைக் கும்பல் ஒன்று கொன்றது. மறு ஆண்டு அதிபர் ஹாரிசன் கொலம்பஸைக் கொண்டாட அழைத்தபோது, தாங்களும் இந்நாட்டவரே என்று அவர்களால் நெஞ்சு நிமிர்த்த முடிந்தது. அந்தப் பெருமைக்கு உரிய இத்தாலியர்கள் வேறு எத்தனையோ பேர் உண்டு.

தெற்கு டகோட்டா மாநிலம் 1990இலும் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1992இலும் பெயரை மாற்றிவிட்டன. 2021இல் அதிபர் பைடன் இரு பெயர்களிலும் பிரகடனம் வெளியிட்டார். 2025இல் அதிபர் டிரம்ப் கொலம்பஸுக்கு மட்டுமே வெளியிட்டார். ஆளுக்கேற்ப மாறும் பிரகடனத்தை நம்பிப் பயனில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை