டீசல் காசை ஊராட்சி ஒன்றியம் கொடுக்கட்டும், பஸ்ஸை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் டவுன் பஸ் நடைகள் குறைந்துகொண்டே போவதைப் பற்றி எழுதுகிறேன். பஸ் வரவில்லை என்ற புகார் பத்திரிகையில் வந்தால் சில நாள் பஸ் வரும், அப்புறம் மறுபடி நின்றுவிடும். அதனால் இந்தப் பஸ்ஸுக்கு யார் பணம் கொடுப்பது, வேண்டுமா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு விடியற்காலையில் வந்துகொண்டிருந்த முதல் நடையை நிறுத்திவிட்டார்கள். டிப்போவில் கேட்டால் வசூல் இல்லை, டிரைவர் பற்றாக்குறை என்கிறார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் போனவர்கள் யார் என்று யாராவது பார்த்தார்களா? இருட்டோடு இருட்டாக மல்லிகை மொட்டைப் பறித்து, பையில் கட்டி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறவர்கள். கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் பெண்கள். பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கக் காலையிலேயே போய் நிற்க வேண்டிய வயதானவர்கள். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவுக்கு விலை கிடைக்காது. ஒரு கிலோ இரண்டு கிலோ பறிக்கிறவருக்கு ஆட்டோ பிடித்துப் போனால் எப்படிக் கட்டுப்படியாகும்? ஒன்பது மணிக்கு மேல் வருகிற பஸ் அவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. நல்ல திட்டம், எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் வெளியூர் வேலைக்குப் போக ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் பஸ்ஸே வராத ஊரில் அந்தச் சலுகையை எங்கே போய் வாங்குவது? ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக இருக்கும் தடத்தில், கண்டக்டர் பையில் விழுகிற காசை மட்டும் பார்த்து ‘வசூல் இல்லை’ என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, முடிவு யார் கையில் இருக்கிறது? ஊருக்குள் வரும் சாலையை ஊராட்சியோ ஒன்றியமோ போடுகிறது. அதன்மேல் பஸ் ஓடுமா என்பதைப் போக்குவரத்துக் கழகம் முடிவு செய்கிறது. மினி பஸ் பெர்மிட் கலெக்டர் வழியாக வருகிறது. ஊராட்சிக்கு இதில் ஒரு வார்த்தை சொல்லவும் இடம் இல்லை. அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 29 துறைகள் இருக்கின்றன, சாலையும் போக்குவரத்து வசதிகளும் அதில் உண்டு. நாம் கிராம சபையில் தீர்மானம் போடுகிறோம், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். அந்தத் தீர்மானம் எந்த மேசையில் கிடக்கிறது என்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

பக்கத்துக் கேரளத்தில் 2022-ல் கிராமவண்டி என்று ஒன்று தொடங்கினார்கள். பஸ்ஸும் டிரைவர், கண்டக்டர் சம்பளமும் பராமரிப்பும் அவர்களுடைய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு, டீசல் செலவு மட்டும் உள்ளாட்சியின் பொறுப்பு. எந்தத் தெரு வழியாக, எத்தனை மணிக்கு என்பதை உள்ளாட்சியே சொல்லலாம். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி விஷயம்தான். காசு கொடுக்கிறவர் நேரம் கேட்கலாம், ‘இன்றைக்கு ஏன் வரவில்லை’ என்று உரிமையோடு கேட்கலாம்.

நம் ஊராட்சிகளிடம் பணம் ஏது என்று கேட்பார்கள். மத்திய அரசு 2021 முதல் 2026 மார்ச் வரைக்கும் என்று வைத்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு, சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் அதைத் தொடக் கூடாது என்று இருந்தது. இதுபோக மாநில நிதி ஆணைய மானியம் வருகிறது. விடியற்காலைப் பஸ் ஊரின் தேவை இல்லையா? ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். தனித்தனி ஊராட்சியிடம் டீசல் காசு கேட்டால் வீட்டு வரி வருமானம் உள்ள ஊருக்குப் பஸ் வரும், சேடபட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமத்துக்கு வராது. அதனால் ஊராட்சி ஒன்றியம் இதை ஏற்க வேண்டும், குறைகிற பணத்தை மாநில அரசு தர வேண்டும்.

மினி பஸ் வருகிறதே என்று சிலர் சொல்லலாம். 1997-லும் வந்தது, 2025 ஜூனில் புதிய திட்டமாகவும் வந்தது, வரவேற்கிறேன். ஆனால் தனியார் முதலாளி ஆள் ஏறாத நேரத்தில் ஏன் ஓட்டப் போகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆள் குறைவாக இருக்கிற அந்த நேரத்துக்குத்தான் பொதுப் பணம் வேண்டும்.

எங்கள் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவரும் கவுன்சிலரும் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம், தனி அலுவலரிடம் அப்படிக் கேட்க முடியாது. தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நம் மக்கள் தெருவிளக்கோடு சேர்த்துப் பஸ்ஸையும் கேட்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது இதுதான். எந்த நடையை நிறுத்துவதானாலும் முன்கூட்டியே அந்த ஊர் கிராம சபையில் வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். சேடபட்டி, கள்ளிக்குடி, செல்லம்பட்டி ஒன்றியங்களில் ஏதாவது ஒன்றில், நிறுத்தப்பட்ட காலை நடைகளை ஒன்றிய நிதியில் டீசல் போட்டு ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள், கணக்கை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பேரையூர் வட்டத்து வாசகர் ஒருவர்